தளவாயின் அழுக்கு வேட்டி

மகுடவர்மன் சபையில் இரண்டு கட்சி. தளவாய் சூரப்பர் பழைய கட்சி. தாத்தா ராஜா வைத்ததில் ஒரு துரும்பும் அசையக் கூடாது என்பார். அமைச்சர் தில்லைமாறர் புதுக் கட்சி. இருப்பதையெல்லாம் இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும் என்பார். ஒருவர் மழை வரும் என்றால் மற்றவர் வராது என்பார். நடுவில் ராஜாவுக்குத் தலைவலி.

அந்த வருஷம் பெரிய ஏரியின் மதகுப் பலகை உளுத்துப்போயிற்று. மழைக்கு இன்னும் பத்தே நாள். மதகு உடைந்தால் கீழூர் முழுகிவிடும்.

"பலகையை மாற்றிவிடலாம், மகாராஜா," என்றான் சபை ஆலோசகன் நல்லையன். அவன் அக்கா குடும்பம் கீழூரில்தான் இருந்தது.

"தாத்தா ராஜா போட்ட பலகை," என்றார் சூரப்பர். "இன்றைக்குப் பலகை, நாளைக்குச் சிம்மாசனமா?"

"ஏரியையே தூர்த்துவிட்டு வேறு வெட்டுவோம்," என்றார் தில்லைமாறர்.

"பத்து நாளிலா?" என்றார் ராஜா.

"பத்து வருஷத்தில்."

நொந்துபோன ராஜா, சூரப்பர் நீட்டிய ஓலையில் முத்திரை குத்திவிட்டார். 'நாட்டில் எவரும் எதையும் மாற்றக் கூடாது.'

"நல்லையா, இதை நிறைவேற்றுவது உன் பொறுப்பு. ஓர் எழுத்து பிசகினாலும் நீ நாட்டை விட்டே போக வேண்டியதுதான்," என்றார் ராஜா.

 நல்லையன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஓலையைத் திருப்பித் திருப்பிப் படித்தான். 'எதையும்' என்ற சொல்லில் கண் நின்றது. நடுத்தெருவில் தனியாகச் சிரித்தான்.

மறுநாள் காலை சூரப்பர் குளித்துவிட்டு வந்தால், துவைத்த வேட்டியைக் காணோம். வாசலில் இரண்டு காவலரோடு நல்லையன்.

"நேற்றுக் கட்டியதையே கட்டுங்கள், தளவாயே. எதையும் மாற்றக் கூடாதாம். உங்கள் ஓலைதான்."

இரண்டாம் நாள் வேட்டியில் மோர்க்குழம்பு சிந்தியது. மூன்றாம் நாள் குதிரைப் பயிற்சி. நான்காம் நாள் சபையில் அவரைச் சுற்றி ஆசனங்கள் காலி. சொந்தக் கட்சிக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு புதுக் கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் சூரப்பர் எழுந்தார். "மகாராஜா, வேட்டி மாற்ற உத்தரவு தாருங்கள்."

"மாற்றமா? நீங்களா கேட்கிறீர்கள்?" என்றான் நல்லையன்.

"வேட்டியை மாற்றினால்தானே ஐயா, நான் பழையபடி சூரப்பனாக இருக்க முடியும்?"



"மதகும் அதையேதான் சொல்கிறது, மகாராஜா," என்றான் நல்லையன். "பலகையை மாற்றினால்தான் அது தாத்தா ராஜாவின் மதகாக நிற்கும்."

 சூரப்பர் தம் வேட்டியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.  ராஜா ஓலையைக் கிழித்தார். தச்சர்கள் அப்போதே ஏரிக்கு ஓடினார்கள். மழைக்கு இரண்டு நாள் முன்பே புதுப் பலகை ஏறிவிட்டது, கீழூரும் பிழைத்தது.

ஆனால் அன்று சபை அதோடு கலையவில்லை. தில்லைமாறர் துள்ளி எழுந்தார். "வென்றது என் கட்சி. பலகையோடு ஏரியையும் மாற்றிவிடுவோம்."

நல்லையன் கைகூப்பினான். "அமைச்சரே, அழுக்கானது வேட்டி. அதற்காகத் தளவாயையே மாற்றுவார்களா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அவனுக்குப் பரிசாக ஒரு ஜோடிப் பட்டு வேட்டி கொடுத்தார். நல்லையன் அதில் ஒன்றை எடுத்துச் சூரப்பரிடம் நீட்டினான்.

"முதலில் நீங்கள் கட்டிக்கொண்டு வாருங்கள், தளவாயே. சபை மூச்சு விடட்டும்."