பச்சைப் பட்டை யார் கையில்?

இந்தக் கதையை அவசரப்படாமல் படியுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

சங்குமடை அரசு மகளிர் பள்ளியில் ‘தோள் குழு’ என்று ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருபது பேர். மனக்கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகள் டீச்சரிடம் போகத் தயங்கினால் இவர்களிடம் வந்து பேசலாம். இதற்காகக் கலைமதி டீச்சர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கேட்டதை மற்ற பிள்ளைகளிடம் பரப்பக் கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால், ரகசியம் சொல்ல வருபவளிடம் முதலிலேயே இப்படிச் சொல்ல வேண்டும்: “நீ சொல்வதைக் கேட்கிறேன். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தர முடியாது.”

குழுத் தலைவிக்காக ஓட்டுப் போட்டார்கள். ரெஜினாவுக்குப் பதினொன்று, வடிவுக்கு ஒன்பது. ரெஜினாவின் இடது கையில் தலைவிக்குரிய பச்சைப் பட்டை ஏறியது.

கபடி அணிக்கும் அவள்தான் தலைவி. இதுவும் அவளுக்கா என்று வடிவுக்கு வயிறு எரிந்தது. ஓட்டை மாற்றிப் போட்டது யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பச்சை ரிப்பனைக் கையில் கட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

போதாக்குறைக்கு, ‘வாக்குத் தர முடியாது’ என்ற அந்த வாக்கியத்தை எல்லோரையும் சொல்லிப் பழக வைத்தது ரெஜினாதான்.

“ஏட்டி வடிவு, ரேஷன் கடையில அரிசி இல்லன்னு சொல்ற மாதிரில்லா சொல்லுத! மறுபடி சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். வடிவு இருபது முறை சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகு, குழுவில் அவளைப் போல அதைப் பிசகாமல் சொல்ல ஆள் கிடையாது.

மாவட்டக் கபடிப் போட்டி நெருங்கியது. பயிற்சி முடிந்து ரெஜினா ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நிற்பாள். அங்கே ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கத் தொடங்கினான். ஒரு நாள் பெயரைக் கேட்டான். இன்னொரு நாள் வீட்டைக் கேட்டான். பிறகு, “ஏறு, கொண்டுபோய் விடுறேன்” என்றான். வீட்டில் சொன்னால் அப்பா கபடியையே நிறுத்திவிடுவார் என்று ரெஜினா பயந்தாள்.

திங்கட்கிழமை அவள் தன் உயிர்த்தோழி தங்கமாரியிடம் சொன்னாள். தங்கமாரியும் தோள் குழுவில் இருப்பவள்தான்.

“யார்ட்டயும் சொல்லிராதட்டி.”

“எங்கம்மா மேல சத்தியம், சொல்ல மாட்டேன்.”

தங்கமாரி சத்தியத்தைக் காப்பாற்றினாள். அதோடு நிற்காமல், திங்கள், செவ்வாய், புதன் மூன்று மாலையும் பஸ் ஏறும்வரை துணைக்கு நின்றாள். வீட்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கினாள். புதன்கிழமை அந்த ஆள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ரெஜினாவின் ஊர்வரை வந்துவிட்டான்.

வியாழன் மதியம், வடிவு குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா வந்து நின்றாள்.

“ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

வடிவு அந்த வாக்கியத்தைச் சொன்னாள், ஒரு சொல் விடாமல்.

ரெஜினா திரும்பிப் போகவில்லை. பாட்டில் நிரம்பி வழிந்தது. பிறகு முழுவதையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் வடிவின் மனத்தில் முதலில் எழுந்தது இதுதான்: ‘இவளுக்குக் கபடி போச்சு.’ அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அவள் நேரே டீச்சர் அறைக்கு நடந்தாள். வராந்தாவில் நாலைந்து பேர் மறித்தார்கள். “என்னட்டி, ரெஜினா அவ்வளவு நேரம் உன்ட்ட என்ன பேசுனா?”

“குழாய்ல தண்ணி சரியா வரலயாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டீச்சர் அன்றே ரெஜினாவின் அம்மாவை வரவழைத்தார். புகார் எழுதினார்கள். மறுநாள் மாலை, பஸ் நிறுத்தத்தில் சாதாரணச் சேலையில் வந்து நின்ற பெண் போலீஸார் அந்த ஆளைப் பிடித்துப் போனார்கள். ஆனாலும் ரெஜினாவின் அப்பா அவளை வெளியே அனுப்பவில்லை. சனிக்கிழமைப் போட்டி அவள் இல்லாமலே நடந்தது. அணி தோற்றது.

அடுத்த திங்கட்கிழமை, வடிவும் தங்கமாரியும் பக்கத்தில் நிற்க, ரெஜினா பச்சைப் பட்டையை அவிழ்த்து டீச்சர் மேசையில் போட்டாள். “வடிவு பொறாமையில போட்டுக் கொடுத்துட்டா, டீச்சர்.”

“நான் மூணு நாள் வாயத் திறக்கல” என்றாள் தங்கமாரி. “இவளால மூணு நிமிஷம் தாங்க முடியல.”

வடிவு தலை நிமிரவில்லை. “பொறாமை இருந்துச்சு, டீச்சர். இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

பட்டை மேசைமேல் கிடக்கிறது. அன்போடு காத்தவள் ஒருத்தி, பொறாமையோடு சொன்னவள் ஒருத்தி. இருவரில் யார் செய்தது சரி? பட்டை யார் கையில் ஏற வேண்டும்?

விடை: வடிவு செய்ததே சரி. பொறாமைதான் அவளைப் பேச வைத்தது என்றால், அது வராந்தாவிலேயே பேசியிருக்கும். மூடிய கதவு வரை காத்திருக்காது. தங்கமாரியின் அன்பு மெய்தான். ஆனால் அவள் துணைக்கு நின்ற மூன்று நாளும் அந்த ஆளும் வந்தான். இனி ரெஜினா. ரகசியம் காக்க அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அப்படியிருக்க, வாக்குத் தர மறுப்பாள் என்று தெரிந்த ஒருத்தியை, தானே இருபது முறை பழக்கிய ஒருத்தியை, ஏன் தேடிப் போனாள்? டீச்சர் இதைத்தான் கேட்டார். ரெஜினா பட்டையை எடுத்து வடிவின் கையில் தானே கட்டினாள், வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக.