மூடி கழற்றாத பாட்டில்

நல்லசிவம் ஜப்பானுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தெருவில் வாடகை வீடு. விடிந்ததும் மேலே இருக்கும் ஜென் கோயிலுக்கு ஏறிவிடுவார். அவருடைய குரு கெய்ஷுன் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் நல்லசிவத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் தெருக்காரர்கள் மேல்தான்.

மனுஷர் வாயைத் திறந்து ‘காலை வணக்கம்’ என்றால் போதும். “அடேயப்பா, எங்க மொழியை எவ்வளவு அழகாப் பேசறீங்க!” என்பார்கள். ஆறு வருஷமாக அதே பாட்டு. பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

“குருவே, இவங்களுக்கு நான் என்னைக்கும் வெளியாள்தானா?”

“யாராவது உங்களைத் திட்டியிருக்காங்களா?”

“ஐயோ, ஒரு தடவைகூட இல்லை. தங்கமான மனுஷங்க.”

“அப்போ கொஞ்சம் பொறுங்க” என்றார் கெய்ஷுன்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நல்லசிவம் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். முகம் சிவந்து கிடந்தது.

“நான் ஊருக்கே போறேன்.”

“என்ன ஆச்சு?”

“எதிர்வீட்டு கினுயோ அம்மா, தெருவே வேடிக்கை பார்க்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க. குப்பைல போட்ட பாட்டிலுக்கு மூடியைக் கழற்றித் தனியாப் போடலையாம். ‘ஆறு வருஷமா இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?’ன்னு கேட்டாங்க. மானமே போச்சு!”

“அப்புறம்?”

“அதுவும் போதாதுன்னு கையில துடைப்பத்தைத் திணிச்சாங்க. இந்த வாரம் குப்பை போடற இடத்தை நான்தான் கூட்டணுமாம். தண்டனை!”

“மற்ற வாரங்கள்ல யார் கூட்டுவாங்க?”

“அந்தத் துடைப்பம் முறை வச்சு வீடு வீடாப் போகும். வாரம் ஒரு வீடு.”

“இதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்திருக்கா?”

நல்லசிவம் யோசித்தார்.

“இல்லை. என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிடும்.”

“உங்க ஊர்ல விருந்தாளி கையில துடைப்பம் கொடுப்பாங்களா?”

நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கெய்ஷுன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி எட்டரை. குப்பை வண்டி போயிருக்கும். பெட்டியை இங்கேயே வச்சுட்டுப் போய்க் கூட்டுங்க.”