மண் யானைக்குத் தோல் போட்ட கதை

வாருங்கள், உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் மட்டும் அடித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ரொம்ப காலத்துக்கு முன்னால், கிணற்றில் குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டிய காலத்திலே, வில்லவராயன் என்று ஒரு ராசா இருந்தார்.

நல்ல ராசாதான். ஆனால் ராசா என்றால் ராசாதானே! செருப்பு மாட்டிவிட ஓர் ஆள், விசிறிவிட ஓர் ஆள், கோயிலுக்குப் போனால் அவருக்காக விழுந்து கும்பிட ஓர் ஆள். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அப்படித்தான்.

அவருடைய நாட்டில் செம்மண்குடி என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் குயவர்கள். ஏரிக்கரைப் பள்ளத்தில் மண் எடுப்பார்கள், குடம் செய்வார்கள், சட்டி செய்வார்கள், பானை செய்வார்கள். அவர்கள் செய்த குடத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அவ்வளவு வழவழப்பு! சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் குடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கொஞ்சம் சொரசொரப்பு தட்டினாலும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எதைச் செய்தாலும் கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் கையை எடுப்பார்கள். அது அவர்கள் கையோடு பிறந்த பழக்கம்.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பூவாயி. அவள் பிறந்த ஊரில் கோயிலுக்குக் குதிரையும் காளையும் மண்ணில் செய்வார்கள். அந்தக் கைவேலையை மூன்று பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒருவன் அவள் கொழுந்தன் சடையன். ஒருத்தி அடுத்த வீட்டு ஒச்சாயி. இன்னொருவன் மேலத்தெரு வீரணன்.

உருவம் பிடிக்க மூவரும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். தோல் போடுவதில்தான், அதுதான் உருவத்தின் மேலே மயிரும் மடிப்பும் பதிப்பதில்தான், வந்தது வம்பு.

"குதிரைக்குப் பிடரி மயிர் வேண்டாமா? தேங்காய் நாரை வைத்து அழுத்து. மீனுக்குச் செதில் வேண்டாமா? சிப்பி விளிம்பால் குத்து. மரத்துக்குப் பட்டை வேண்டாமா? விளக்குமாற்றுக் குச்சியால் கீறு" என்பாள் பூவாயி. "மண் ஈரமாக இருந்தால் ஒட்டும், காய்ந்துவிட்டால் உதிரும். கட்டைவிரலை வைத்துப் பார். தடம் விழ வேண்டும், மண் விரலோடு வரக்கூடாது. அதுதான் பதம்."

"நல்ல மண்ணை எடுத்து நாசம் பண்ணச் சொல்கிறீர்களே, மதினி!" என்று சடையன் தலையில் அடித்துக்கொள்வான்.

இப்படி இருக்கும்போது ஊருக்கு ஓர் இடி விழுந்தது. அந்த ஏரிக்கரைப் பள்ளத்தை உழுது நெல் போட வேண்டும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் ராசாவிடம் கேட்டார்கள். அந்த மண் போனால் செம்மண்குடிக்கு ஏது சோறு? பூவாயியும் அவளிடம் கற்ற மூவரும் அரண்மனைக்கு ஓடினார்கள்.

ராசாவுக்கு அப்போது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. மண்ணில் உருவம் பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் சொன்னார்:

"என்னிடம் கருமுகில் என்று ஒரு யானை இருந்தது. ஆற்றில் வெள்ளம் என்னை அடித்துப்போனபோது நீந்தி வந்து பிடரியில் ஏற்றிக் கரைசேர்த்தது. எனக்குக் குளிர்சுரம். நான் படுக்கையை விட்டு எழுவதற்குள் அது செத்துப்போனது. அதற்கு ஒரு நல்ல வார்த்தை நான் சொல்லவில்லை. அந்தத் தலையையும் பிடரியையும் மண்ணில் செய்து கொண்டுவாருங்கள். தடவிப் பார்ப்பேன். இது என் கருமுகில்தான் என்று என் கை ஒத்துக்கொண்டால் பள்ளம் உங்களுக்கு. இல்லாவிட்டால் ஏர் இறங்கும்."

முதலில் சடையன் செய்தான். பூவாயி சொன்னபடி சுருக்கமெல்லாம் கீறினான். ஆனால் வண்டியில் ஏற்றும்போது பாழாய்ப்போன பழக்கம், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டான்! சுருக்கமெல்லாம் போயே போச்சு. ராசா தடவினார். "இது குடம்" என்றார்.

அடுத்து ஒச்சாயி செய்தாள். அவளுக்குக் கற்றதை எல்லாம் காட்ட ஆசை. நாரை அழுத்தினாள், நெல்லைப் பதித்தாள், சிப்பியால் குத்தினாள், சீப்பால் வாரினாள், ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை. ராசா தடவினார். "இது கல்யாணப் பந்தல்" என்றார்.

மூன்றாவதாக வீரணன். அவன் கெட்டிக்காரன். யானைகளைக் குளிப்பாட்டும் துறைக்குப் போய் அவற்றின் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வந்தான். எங்கே தடிப்பு, எங்கே மடிப்பு, எங்கே முள்முள்ளாக மயிர், எல்லாம் அப்படியே. ராசா கை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. நால்வருக்கும் உயிர் வந்தது. ஆனால் மெல்ல மெல்ல அந்த முகம் வாடிப்போனது.

"யானைதான். அருமையான யானைதான். ஆனால் என் கருமுகில் இல்லையே!"

வீரணன் அழுதுவிட்டான். ஊரில் எத்தனை அடுப்பு, எத்தனை பிள்ளைகள்! பூவாயி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"கருமுகில் எப்படி இருக்கும் ராசா? அதையாவது சொல்லுங்கள்."

ராசா இரண்டு கையையும் விரித்தார். "சொல்லத் தெரியவில்லை, அம்மா. கைக்குத் தெரியும்."

அப்போது வந்தது பாருங்கள் பூவாயிக்கு ஒரு தைரியம்!

"அப்படியென்றால் தோலை நீங்களே போடுங்கள். நாங்கள் பதம் பார்த்துக் கொடுக்கிறோம்."

சபையே வெலவெலத்துப்போனது. ராசா மண்ணில் கை வைப்பதா? சேவகன் ஒருவன் அவளை இழுத்துப்போக வந்தான். ராசா வேண்டாமென்று கையைக் காட்டினார். "வண்டி பூட்டுங்கள்" என்றார்.

செம்மண்குடியில் மூவரும் சேர்ந்து ஒரு தலையைப் பிடித்தார்கள், ஈரச்சாக்கு சுற்றிக் காத்தார்கள். பதம் வந்ததும் ராசாவைக் கைப்பிடித்து உட்காரவைத்தாள் பூவாயி. ராசா மோதிரங்களைக் கழற்றினார்.

எவ்வளவு மோசமான மாணவர் தெரியுமா! எடுத்த எடுப்பில் நெற்றியில் பள்ளம் பண்ணினார். "மெதுவாக, ராசா! பிசைய வேண்டாம், தடவ வேண்டும்!" என்று பூவாயி அதட்டினாள். அவருக்கு நாரை எடுத்துக் கொடுத்தான் சடையன். குச்சியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள் ஒச்சாயி. மண் எங்கே காய்கிறதோ அங்கே தண்ணீர் தெளித்தான் வீரணன். ஒருவர் கையும் அந்தத் தோலில் படவில்லை.

நெற்றிக்குக் குச்சியால் கீறினார். துதிக்கைக்கு வளையம் வளையமாய் நகத்தால் அழுத்தினார். பிறகு கை பிடரிக்கு வந்தது. காதுக்குப் பின்னால், வெள்ளத்தில் அவர் பிடித்துத் தொங்கிய மடிப்பு. அங்கே குச்சியைக் கீழே போட்டார். பத்து விரலையும் ஆழப் பதித்தார், அன்றைக்குப் பதித்த மாதிரியே.

அப்போதுதான் அந்தப் பெரிய மனிதர் உடைந்தார். மண் தலையின்மேல் தன் தலையைச் சாய்த்தார்.

"கருமுகிலே, உன்னால் பிழைத்தேனடா! எவ்வளவு வலித்திருக்கும் உனக்கு! ஒரு வார்த்தை சொல்லவில்லையே நான்! இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த உயிர் நீ போட்ட பிச்சையடா!"

அங்கே கண் நனையாதவர் யார்? சடையன் தோளில் கிடந்த ஈரத்துணியால் மூக்கைச் சிந்தினான்.

வெகுநேரம் கழித்து ராசா எழுந்தார். கையைக் கழுவச் சேவகன் தண்ணீர் கொண்டுவந்தான். "இருக்கட்டும்" என்றார். மண் அப்பிய அந்தக் கையைப் பூவாயியை நோக்கிக் கூப்பினார். பிறகு சடையனை நோக்கி, ஒச்சாயியை நோக்கி, வீரணனை நோக்கி.

"பள்ளம் உங்களுடையது. உங்கள் பிள்ளைகளுடையது. அவர்களுடைய பிள்ளைகளுடையது."

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வேறு பக்கம் மேட்டு நிலத்தைத் திருத்திக் கொடுத்தார். யானைத் தலையைச் சூளையில் வைத்தார்கள். ஒரு விரிசல் இல்லாமல் வெந்து வந்தது. அழகு என்று சொல்ல முடியாது, நெற்றிப் பள்ளம் அப்படியே இருந்தது. ஆனாலும் ராசா தினமும் காலையில் அதைத் தடவி, ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் என்று சொல்லுவார்கள்.

அவ்வளவுதான் கதை, கேட்டவர்கள் எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள், இதை மட்டும் மனசில் வையுங்கள்: எதையும் ஆள் வைத்துச் செய்யலாம், நன்றியை மட்டும் அவரவர் கையால்தான் செய்ய வேண்டும்.