யானை ஏற மறுத்த தச்சர்கள்

முன்னொரு காலத்தில் நெய்தலூர்ச் சீமையை முத்துவீர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, காலையில் நாலு பேர் புகழ்ந்தால்தான் அவருக்குக் கஞ்சி உள்ளே இறங்கும்.

அவர் பெரிய கப்பல் ஒன்று கட்ட ஆசைப்பட்டார். மரவேலைக்கு மலைநாட்டுத் தச்சர்கள், இரும்புக்கு வடுகக் கொல்லர்கள், கயிறு முறுக்கத் தீவுக்காரர்கள் என்று பல தேசத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை உற்சாகப்படுத்த ராஜாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் சிறந்த வேலையாள் ஒருவனை யானைமேல் ஏற்றி, கொட்டுமுழக்கோடு அவன் பெயரைச் சொல்லி ஊர்வலம் விட்டார்.

பத்தே நாளில் பட்டறையில் உளிச் சத்தம் அடங்கிப்போயிற்று.

"சோம்பேறிகள், மகாராஜா," என்றார் தளவாய் சிங்கராயர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "யானை கொடுத்தும் வேலை செய்யாதவனுக்குச் சாட்டைதான் சரி. எந்த ஊரானாலும் மரியாதை மரியாதைதானே?"

அமைச்சர் அம்பலவாணர் குறுக்கே வந்தார். வாக்குக் கொடுத்து அவர்களை வரவழைத்ததே அவர்தான்.

"பதினைந்து நாள் கொடுங்கள். அதற்குள் கப்பல் கடலில் இறங்காவிட்டால் முதல் சாட்டையடி என் முதுகில் விழட்டும். பதவியைத் தளவாயே எடுத்துக்கொள்ளட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, காரணம் அவருக்கும் தெரியாது. பட்டறைக்குப் போய் ஆளோடு ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். மெல்ல விஷயம் கசிந்தது.

"பெரியவர் உலைமுன்னால வெந்துக்கிட்டு நிக்கறப்ப சின்னவன் யானையில போனா, அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றான் ஒரு கொல்லன்.

"கயிறு இருபது பேர் முறுக்கினது. ஒருத்தனை மட்டும் ஏத்தினா நாங்கல்லாம் யாரு?" என்றார்கள் தீவுக்காரர்கள்.

தச்சர் தலைவர் கோமன் ஆசாரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணியில இறங்காத கப்பலைப் புகழ்ந்தா அது விளங்காது சாமி. எங்க நாட்டுல நல்ல வேலைக்காரன் கன்னத்துல கரி பூசி, 'ஏதோ சுமார்'னு சொல்வோம். அதைக் கேக்கத்தான் உயிரைக் கொடுத்து உழைப்போம்."

ஆக, யானை ஊர்வலத்திலிருந்து தப்பிக்க ஆளுக்கு ஆள் போட்டி போட்டு மெதுவாக வேலை செய்திருக்கிறார்கள். அம்பலவாணரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் சபையில், "தளவாய்க்கு இன்று பெரிய மரியாதை செய்யப்போகிறேன்," என்றார். சிங்கராயர் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அமைச்சர் அவருடைய இரண்டு கன்னத்திலும் கரியைப் பூசி, "உமது சேவை ஏதோ சுமார்," என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது.

"என்னை அவமானப்படுத்துகிறீரா?" என்று குதித்தார் தளவாய்.

"மலைநாட்டில் இதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. எந்த ஊரானாலும் மரியாதை மரியாதைதானே?"

கிரீடம் சரியும்வரை சிரித்த ராஜா சட்டென்று நிறுத்தினார். "அப்படியானால் பத்து நாளாக நான் அவர்களை அவமானப்படுத்தினேனா?"

"ஆசையாகத்தான் செய்தீர்கள், மகாராஜா. ஆனால் உங்களுக்குப் பிடித்ததைச் செய்தீர்கள். அவர்களைக் கேட்கவில்லை."

யானை கொட்டிலுக்குத் திரும்பியது. கொல்லர்களில் மூத்தவருக்கு முதல் தாம்பூலம் போயிற்று. தீவுக்காரர்கள் இருபது பேரும் ராஜாவின் விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பட்டறையில் மறுபடி உளிச் சத்தம் காதைக் கிழித்தது.

பதினாலாம் நாள் கப்பலை இறக்க எல்லாம் தயார். அதன் அழகைப் பார்த்த ராஜாவுக்குப் புகழ்ச்சி தொண்டைவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார். தளவாய், ராஜாவின் கட்டளைப்படி, கரிக்கிண்ணத்தை ஏந்தி நின்றார். ராஜா தம் விரலாலேயே கரியைத் தொட்டுக் கோமன் ஆசாரியின் கன்னத்தில் பூசினார்.

"ஏதோ... மிதக்கும் போலிருக்கிறது," என்றார்.

கரியெல்லாம் கரைந்து வழிய, ஆசாரி கையைக் கூப்பிக்கொண்டு அழுதார்.