பீரோவுக்குள் இறுகிய தகடு

பட்டறைத் தொழிலாளி மயிலாத்தா உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கியெடுத்த செம்பு கலந்த அலுமினியத் தகட்டைப் புது மேனேஜர் கனகசபாபதி உடனே சோதித்தார். கெட்டியா என்று பார்க்க அழுத்திய எஃகுக் குண்டு ஆழமாகப் பதிந்தது.

“வெண்ணெய் மாதிரி இருக்கு! நெருப்பும் சுத்தியலும் படாம இதைக் கெட்டியாக்கு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!”

“சரிங்க. நீங்களே அதுல கையெழுத்துப் போட்டு, உங்க பீரோவுல வச்சுப் பூட்டுங்க. நாலு நாள் போகட்டுங்க.”

ஐந்தாம் நாள் எல்லோர் முன்னும் மறுபடி சோதித்தார். பழைய குழிக்குப் பக்கத்தில் குண்டு லேசாகத்தான் பதிந்தது.

“தகட்டை மாத்திட்டியா?”

“கையெழுத்தும் சாவியும் உங்களுதுதானுங்களே! உள்ள கரைஞ்ச செம்பு பொடிப்பொடியாத் திரண்டு, தகடு தானா இறுகுமுங்க.”



“அப்போ ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பீரோவா?” என்று முனகினார் மேனேஜர்.

“பீரோ வேண்டாமுங்க. உங்க வாயை நாலு நாள் பூட்டி வச்சாப் போதுமுங்க.”