கவர்னர் என்ற இடத்தில் ராஜா

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன கதையை எல்லாரும் சொல்வார்கள். அவன் மறந்து விட்டுவிட்டுப் போன சட்டப் புத்தகத்தின் கதையை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

சங்குத்தீவு என்று ஒரு தீவு. நூறு வருஷம் ஆண்ட துரைமார் ஒருநாள் கொடியை இறக்கி மடித்து, இனி உங்கள் பாடு என்று கிளம்பிவிட்டார்கள். பழைய ராஜவம்சத்தில் மிச்சமிருந்த சேதுராயரைத் தேடிப்பிடித்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள் ஜனங்கள். நல்ல மனுஷன்தான். கொஞ்சம் அவசரக் குடுக்கை, அவ்வளவுதான்.

உட்கார்ந்த அன்றே, நாளைக் காலைக்குள் தீவின் சட்டமெல்லாம் தன் பேரில் இருக்க வேண்டும் என்றார். சட்டம் என்ன ஒன்றா, இரண்டா? நானூற்றுப் பதினேழு. கவர்னர் ஆபீசில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராகக் குப்பை கொட்டிய விருத்தகிரிதான் சர்வீஸ் கணக்கில் அரண்மனையிலேயே மூத்த உத்தியோகஸ்தர். ஒவ்வொன்றாய்ப் படித்து, வேண்டியதை வைத்து வேண்டாததைத் தள்ள ஒரு வருஷமாவது ஆகும் என்றார் அவர். திவான் தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு ஒரு வரி போதுமே என்று எழுதி நீட்டினார்:

"பழைய சட்டங்களில் 'கவர்னர்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'ராஜா' என்று படித்துக்கொள்ளவும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். படிக்காமல் கையெழுத்து வேண்டாமே என்று விருத்தகிரி இழுத்துப் பார்த்தார். கேட்டால்தானே? கையெழுத்து விழுந்தது. திவானுக்கு ஒரு ஜோடி வைரக் கடுக்கன் கிடைத்தது.

ஐந்து வருஷம் ஓடிற்று.

கவர்னர் பங்களாதான் இப்போது அரண்மனை. அதன் எதிரே கடற்கரையில் துரை காலத்து மரவேலி ஒன்று. துரைக்கு மீன் வாடை ஆகாதாம், அதனால் அங்கே யாரும் வலை காயப்போடக் கூடாது என்று அடித்து வைத்தது. துறைமுகத்தில் ஆப்பம் சுட்டு விற்கிற சவேரியம்மாவுக்கு நாக்கை அடக்கத் தெரியாது. ஒருநாள் ராஜாவின் வண்டியை வழிமறித்துக் கேட்டுவிட்டாள்.

"துரை போயி அஞ்சு வருசமாச்சு மகராசா. அவரு போட்ட வேலி மட்டும் ஏன் போகல?"

சுற்றி நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். அது போதாதா? ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. திவான் ஓடிப்போய்ச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒன்பதாம் பிரிவைக் காட்டினார். கவர்னர் நினைத்தால் யாரையும் விசாரணை இல்லாமல் தீவைவிட்டு அனுப்பலாம் என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவளை ஏற்றிவிட உத்தரவாயிற்று.

பாவம், பிறந்ததிலிருந்து அந்தத் தீவைத் தாண்டாதவள். மகள் வேறு நிறைமாசம். விருத்தகிரி வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். இருபது வருஷமாக அவள் கை ஆப்பம் தின்ற உடம்பு அவருடையது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் மொழிபெயர்த்துத் தானே மறந்துபோயிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் பிரிவு வந்ததும் சிரித்தார் பாருங்கள், பெண்டாட்டி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. ராஜா பலகாரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். வாசலில் பேண்டு வாத்தியம். எட்டிப் பார்த்தால், ஆறு ஆட்கள் அவருடைய துணிப் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமரத்தடியில் குரூப் போட்டோவுக்கு நாற்காலி போட்டாயிற்று. விருத்தகிரி கையில் ஆளுயர மாலை. கவர்னர் துரை ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் இதே ஏற்பாடுதான் வழக்கம்.

யாரய்யா போகிறது என்று கேட்டார் ராஜா.

"தாங்கள்தான், மகாராஜா."

"என்னய்யா உளறுகிறீர்?"

விருத்தகிரி புத்தகத்தைப் பிரித்துப் பவ்வியமாகப் படித்தார். "இரண்டாம் பிரிவு. ராஜாவின் பதவிக்காலம் ஐந்து வருஷம். அது முடிந்ததும் புறப்படுகிற முதல் கப்பலில் ராஜா தீவைவிட்டுப் போய்விட வேண்டும். நேற்றோடு ஐந்து வருஷம் முடிந்தது. சவேரியம்மாவுக்குப் பக்கத்திலேயே தங்களுக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வழியில் ஆப்பத்துக்குக் குறைவிருக்காது."

ராஜா பக்கத்தில் நின்ற திவானைப் பார்த்தார். திவானுக்கு வேர்த்துவிட்டது. அது வெள்ளைக்காரனுக்காக எழுதினது, நம் மகாராஜாவுக்கு எப்படிப் பொருந்தும் என்று தடுமாறினார்.

"அப்படிச் சொல்லுங்கள்," என்றார் விருத்தகிரி. "அப்படியானால் ஒன்பதாம் பிரிவும் வெள்ளைக்காரனுக்காக எழுதினதுதானே? ஒரே புத்தகம், ஒரே மை. சவேரியம்மா போனால் ராஜாவும் போவார். ராஜா இருந்தால் சவேரியம்மாவும் இருப்பாள்."

ராஜா எழுந்து வாசலுக்கு வந்தார். தன் பெட்டிகளைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு துணிமூட்டையோடு சவேரியம்மா துறைமுகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க மகளும் கூடவே வந்தாள். பிறந்த மண்ணைவிட்டுப் போ என்றால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது ராஜாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள்," என்றார். "அந்த ஒரு வரியையும் அடித்துப் போடுங்கள்."

அதோடு விடவில்லை. நானூற்றுப் பதினேழு சட்டத்தையும் திவான் கடற்கரை மணலில் உட்கார்ந்து ஜனங்களுக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர்கள் வேண்டும் என்பது இருக்கும், வேண்டாம் என்பது போகும் என்று உத்தரவு போட்டார். திவானுக்குத் தொண்டை கட்டி, ஒரு வருஷம் கஷாயம் குடித்தது தனிக்கதை. வேலி அன்று மதியமே சவேரியம்மாவின் அடுப்புக்கு விறகாகப் போயிற்று. அந்த மணலில் வலையும் காய்ந்தது.

மாலையில் ராஜா தன் கைக் கடகத்தைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டுவிட்டு, மெல்ல ஒரு சந்தேகம் கேட்டார். "ஏனய்யா, நான் ரோஷப்பட்டு நிஜமாகவே கப்பலேறிப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

"மூன்றாம் பிரிவு, மகாராஜா," என்றார் விருத்தகிரி. "கவர்னர் ஊரில் இல்லாதபோது மூத்த உத்தியோகஸ்தர் எவரோ, அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்."

ராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

விருத்தகிரி கடகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதனால்தான் மகாராஜா, பெட்டியை அவ்வளவு இறுக்கிக் கட்டச் சொன்னேன்."