ஏச்சில் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்

வங்காரத்துறை என்றொரு துறைமுகம். அதை ஆண்ட மணவாளபூபதிக்கு ஒரு தலைவலி. கடலுக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையிலிருந்து, தோலுவோ என்ற மொழி பேசும் லுவோ இன வணிகர்கள் கருவாட்டோடு வந்தார்கள். ஆங்கிலேயக் கப்பல் தலைவன் துணியோடு வந்தான். இருவரும் பேசியது அவரவர் மொழியின் சந்தைக் கொச்சை. போன பருவத்தில் யாரோ ஒரு செல்லக் கேலியை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்துச் சொல்ல, கத்தி உருவும் வரை போய்விட்டது. இந்த முறையும் அப்படி ஆனால் இருவரும் வேறு துறைக்குப் போய்விடுவார்கள். ஊர் பிழைப்பு என்னாவது?

அவையிலிருந்த அம்பலவாண பண்டிதர், மொழிபெயர்ப்பாளர் பதவிக்குத் தன் தங்கை மகன்கள் இருவரையும் முன்னால் நிறுத்தி, இரண்டு கொச்சையும் இவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்றார். சோதிக்க அவையில் யாருக்கும் அந்த மொழிகள் தெரியாது. அதுதான் பண்டிதரின் தைரியம்.

அரசர் விடங்கனைப் பார்த்தார். அவையில் விகடம் பேசிப் பிழைப்பவன். “தேர்வு உன் பொறுப்பு. தவறினால் உன் வீடு பண்டிதருக்கு” என்றார். பண்டிதர் அப்போதே வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் மூன்றாவதாக ஒருத்தியும் வந்து நின்றாள். செங்கமலத்தம்மாள். அந்த ஏரிக்கரையில் மளிகைக் கடை வைத்து, இரு தரப்பிடமும் வாயாடிச் செல்வம் சேர்த்துத் திரும்பியவள். பண்டிதர் முகம் சுளித்தார்.

விடங்கன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. லுவோ வணிகத் தலைவி அக்கினியிடம் போய், பண்டிதரின் பையன்களைச் சுட்டி, இடுப்பில் கைவைத்து, மூக்கை விடைத்து, விரலை ஆட்டிக் காட்டினான். திட்டச் சொல்கிறான் என்பது எந்த நாட்டுக்காரிக்கும் புரியும். அக்கினி தாராளமாகவே திட்டினாள். அவளுடைய ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூத்தவன் கைகூப்பினான். “மன்னரின் வெண்குடையைப் புகழ்கிறார்.”

அடுத்து கப்பல் தலைவன் திட்டினான். இளையவன் இன்னும் தாழ்ந்து வணங்கினான். “நூறாண்டு வாழ்க என்கிறார்.”

பிறகு விடங்கனின் விரல் செங்கமலத்தம்மாள் பக்கம் திரும்பியது. அக்கினி ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அம்மாள் கண் சிவந்து, கொண்டையை முடிந்துகொண்டு, அதே மொழியில் நாலு வாக்கியம் திருப்பிக் கொடுத்தாள். அக்கினி கைதட்டிச் சிரித்தாள். கப்பல் தலைவனும் அவளிடம் வாய்கொடுத்துப் பார்த்தான். வாங்கிக் கட்டிக்கொண்டு, காது சிவந்து, அவனும் சிரித்தான்.

“அரசே, திட்டினால் யாருக்குக் கோபம் வருகிறதோ அவருக்குத்தான் மொழி தெரியும்” என்றான் விடங்கன்.

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. “அந்தப் பையன்களை என்னதான் சொன்னார்கள்?”

“இவனுங்களைக் கருவாட்டோட காயப்போட்டா காக்கா கூடத் தொடாதுன்னு அந்தம்மா சொல்லுது” என்றாள் அம்மாள். “கப்பல்ல ஏத்தினா எலியெல்லாம் கடல்ல குதிச்சிடும்னு துரை சொல்றாரு.”

பண்டிதர் தூணைப் பார்த்து நின்றார். அம்மாளுக்கு அங்கேயே பதவி கிடைத்தது. விடங்கனின் வீடு அவனிடமே தங்கியது, கூடவே ஒரு பொற்கிழியும் வந்தது.

அரசருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. “இந்த அம்மாள் ஒன்றையும் மறைக்க மாட்டாள் போலிருக்கிறதே. நாளைக்கு இவர்கள் என்னையே திட்டினால்?”

“அன்றைக்கு மட்டும் பண்டிதரின் பையன்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், அரசே.”